கிளிப்பச்சை முகமூடி

அத்தியாயம் 7

“கொலைகாரனுக்கு நான் சல்யூட் அடிச்சேன் சார்.”

இதைச் சொன்ன காவலாளியின் முகத்தில் தெரிந்தது பெருமையா, பயமா என்று பட்டாசுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் கலந்து கிடந்தன.

“கொலைகாரன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க அண்ணே,” என்றாள். “கதாசிரியர் இன்னும் ஆஸ்பத்திரியில மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கார். காதுல விழுந்தா வருத்தப்படுவார்.”

பட்டாசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவள் வாய் சம்பாதித்துக் கொடுத்த பெயர். பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர் அவளுடைய தாய்மாமன். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறவர். மழை கொட்டினாலும் குடையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டுத்தான் விரிப்பார். அதனால் அவருக்கு நிதானம் என்று பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று மருமகள் சொல்லுவாள்.

“வந்தவன் எப்படி இருந்தான்?” என்று கேட்டார் நிதானம்.

“டிவியில வர்ற மாதிரியேதான் சார். இருள்காவலன்! முழங்காலுக்குக் கீழ தொங்குற கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, மூஞ்சியில கறுப்பு முகமூடி. நேத்து மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம். முற்றத்தைத் தாண்டி, கதாசிரியர் அறைக்குப் போற அந்த இரும்புப் படியில ஏறினாரு. நம்ம சின்னவர்தானேன்னு சல்யூட் அடிச்சேன். திரும்பிக்கூடப் பார்க்கல. கொஞ்ச நேரத்துல தடதடன்னு சத்தம். ஓடிப் போனா, கதாசிரியர் படிக்குக் கீழ கிடக்கிறார், தலையில ரத்தம். மேல ஆளைக் காணோம்.”

“முகமூடி போட்டிருந்தவரைச் சின்னவர்னு எப்படிச் சொல்றீங்க?”

“நடை சார். சட்டைக்குள்ள கம்பி வச்சுத் தச்ச மாதிரி ஒரு நடை. இந்த வளாகத்துல வேற யார் அப்படி நடக்கிறாங்க? போலீஸ்லயும் இதைத்தான் சொன்னேன்.”

அந்த ஒரு வாக்குமூலம் போதுமானதாக இருந்தது. சின்னவர்தான் இருள்காவலன் தொடரின் நாயகன்; இந்தப் படப்பிடிப்பு வளாகத்தின் முதலாளி பெரியவரின் மகன். முந்தாநாள் எல்லோர் முன்னிலையிலும் கதாசிரியரோடு அவருக்கு வாக்குவாதம். சம்பவம் நடந்தபோது எங்கே இருந்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு வாயைத் திறக்க மறுத்துவிட்டார். சாயங்காலம் கைது செய்ய வருவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெயில் ஏற்கெனவே முற்றத்துச் சுவரில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

நிதானம் இரும்புப் படியை அண்ணாந்து பார்த்தார். உச்சிப் படியின் கைப்பிடி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. யாரோ அதைப் பிடித்துக்கொள்ள முயன்று, முடியாமல் போயிருக்கிறார்கள். பட்டாசு அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

படப்பிடிப்புத் தளத்தின் கதவைத் திறந்துவிட்டவர் இயக்குநர். சின்னவரின் கூடப் பிறந்த அக்கா; நிதானத்தை அழைத்தவரும் அவர்தான். இரவெல்லாம் தூங்காத கண்கள். ஆனால் புடவை மடிப்புக் கலையவில்லை, குரலும் தழையவில்லை. அழுகையை அடுத்தவர் முன் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்து வளர்த்த வீடு அது.

“என் தம்பி ஒரு எறும்பை மிதிக்கக்கூட யோசிப்பான் சார். ஆனா அவன்கிட்ட நேத்து ராத்திரி முழுக்கக் கேட்டுட்டேன். ‘அக்கா, இதுல தலையிடாத’ங்கிறான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அதான் பயமா இருக்கு.”

“கதாசிரியரோட என்ன சண்டை?”

“கடைசிப் பகுதியைப் பத்தி. இருள்காவலனோட எதிரி யாருன்னு அதுலதான் தெரியும். எனக்கும் தம்பிக்கும் கதாசிரியருக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம். எதிரி வேற யாரும் இல்ல, காவலனோட அப்பாதான். தான் செஞ்ச குத்தத்துக்குத் தன் கூடப் பிறந்த தம்பியை ஜெயிலுக்கு அனுப்பிட்டு, ஊர்ல பெரிய மனுஷனா உட்கார்ந்திருக்கிறவர். அந்த முடிவை மாத்துங்கன்னு தம்பி கேட்டான். அவர் முடியாதுன்னுட்டார்.”

“நல்ல கதை,” என்றார் நிதானம். “கதாசிரியருக்கு இது எங்கே கிடைச்சுது?”

“எங்க சித்தப்பாவோட பழைய சிநேகிதர் அவர். சித்தப்பா வெளிநாட்டுல காலமாயிட்டார். நாங்க சின்னப் பிள்ளைங்க அப்போ.”

நிதானம் தலையை மட்டும் ஆட்டினார்.

தளத்தின் உள்ளே ஒரு முழுத் தெருவே கட்டப்பட்டிருந்தது. ஈரம் சொட்டும் விளக்குக் கம்பங்கள், மூடிய கடைகள், முட்டுச்சந்து. தொலைக்காட்சியில் அந்தத் தெருவைப் பார்த்து எத்தனையோ முறை பட்டாசு கால்களை மடக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டிருக்கிறாள். பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களுக்கு வணக்கம் செலுத்தி, அதே கறுப்பு வெள்ளையில் எடுக்கும் தொடர். பாதி திரை எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். நேரில் வந்து நின்றதும் அவள் வாய் பிளந்தது.

சுவர்கள் எல்லாம் இலைப்பச்சை. கதவுகள் நீலம். மேசையில் இருந்த குப்பியில் பச்சை நிறத்தில் ஏதோ கெட்டியாக இருந்தது. மேலே ‘ரத்தம்’ என்று ஒட்டியிருந்தது.

“இது என்னங்க, யாரைக் குத்தினா பச்சையா வரும்?”

“கேமராவுல சிவப்புக் கண்ணாடி மாட்டி எடுக்கிறோம்மா. பழைய ஆளுங்க செஞ்ச வேலை. அது வழியாப் பார்த்தா பச்சையும் நீலமும் இருண்டு போயிடும். முகம் மட்டும் பேயறைஞ்ச மாதிரி வெளிறித் தெரியும். சிவப்பு ரத்தம் வச்சா திரையில தண்ணி மாதிரி இருக்கும். கதாநாயகிக்கு உதட்டுச் சாயமே நீலம்தான்.”

“அப்போ இருள்காவலன்?”

இயக்குநர் அலமாரியைத் திறந்தார். உள்ளே தொங்கியது மயில்நீலக் கோட்டு. மேலே அதே நீலத்தில் ஒரு தொப்பி. ஆணியில் மாட்டியிருந்த முகமூடி பளீரென்ற கிளிப்பச்சை.

பட்டாசு கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளைப் பொறுத்தவரை அது ஓர் அதிசயம்.

“மாமா,” என்றாள் கடைசியில், “இவரைப் பார்த்தா ரௌடிங்க நடுங்குறது? கொய்யாப்பழம் இல்ல நீட்டுவாங்க!”

“நிஜக் கறுப்புல தச்சா என்ன?” என்று கேட்டார் நிதானம்.

“திரையில ஓட்டை விழுந்த மாதிரி ஆயிடும் சார். மடிப்பு தெரியாது, தோள் எது கை எதுன்னு தெரியாது. இந்த விஷயம் வெளிய போகக் கூடாதுன்னு கண்டிப்பு. ஒரு கலர் போட்டோ வெளிய போனதில்ல. உள்ள வர்றவங்க போனை வாசல்லயே வாங்கி வச்சிடுவோம். வெளி உலகத்துக்கு இருள்காவலன் கறுப்புதான்.”

“மொத்தம் இந்த ஒரு உடைதானா?”

“கிழிஞ்சா மாத்த இன்னொண்ணு இருக்கு. அதுவும் நீலம்தான்.”

பட்டாசு மாமனின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“சிக்கிட்டான் மாமா! சல்யூட் அண்ணன் கறுப்புக் கோட்டுன்னு சொன்னாரே? இங்க கறுப்பே கிடையாது. மனுஷன் எதையும் பார்க்கல. வீட்டுல டிவி பார்த்ததை இன்ஸ்பெக்டர்கிட்ட ஒப்பிச்சிருக்கார். சாட்சி பொய், கேஸ் புஸ்!”

“போய்க் கேளு,” என்றார் நிதானம்.

*

காவலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னம்மா பேசுறே? சின்னவர் தினம் அந்த நீலக் கோட்டோடதான் முற்றத்துக்கு வந்து என்கூட டீ குடிப்பாரு. எனக்கு நீலம் தெரியாதா? நேத்து வந்தது கறுப்பு. தார் மாதிரி கறுப்பு. முகமூடியும் கறுப்பு.”

“அதைப் போலீஸ்ல சொன்னீங்களா?”

“இருள்காவலன் உடுப்பில ஆள் போனானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். என்ன கலருன்னு யார் கேட்டா? புதுசாத் தச்சிருக்காங்க போலன்னு நினைச்சேன்.”

பட்டாசின் திரி பாதியில் அணைந்தது. அவள் திரும்பி மாமனைப் பார்த்தாள். நிதானத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. பிடிக்காத கதவு ஒன்றைத் தட்டப் போகிறவரின் முகமாக இருந்தது அது.

“அப்போ வந்தவன் இருள்காவலனை டிவியில மட்டும் பார்த்தவன்,” என்றாள் மெதுவாக. “தளத்துக்குள்ள காலே வைக்காதவன். ஆனா வெளியாள் இந்த வாசலைத் தாண்ட முடியாது. உள்ள இருக்கணும், உள்ள வரவும் கூடாது. அப்படி ஒரு ஆளா? மாமா, இது விடுகதை.”

“இன்னும் பாதியைச் சொல்லு. கோட்டு சின்னவரோடது இல்ல. நடை?”

“நடை அவரோடதுதான்னு அண்ணன் சத்தியம் பண்றாரே.”

“கோட்டை யார்கிட்டயும் இரவல் வாங்கலாம் பட்டாசு. நடையை வாங்க முடியாது. பெத்தவன் கொடுத்தாத்தான் உண்டு.”

பட்டாசு காவலாளியை மீண்டும் பார்த்தாள்.

“அண்ணே, பெரியவர் நடந்து பார்த்திருக்கீங்களா?”

“அவரா? அவர் எங்கம்மா நடக்கிறாரு. கார் நேரா ஆபீஸ் வாசப்படிக்குப் போகும், அங்கேருந்து லிஃப்ட்டு. கார் கண்ணாடிக்குள்ள தலையைத்தான் பார்த்திருக்கேன். மகன் மூஞ்சியை மூடிக்கிட்டு ஆடுற இடத்துல என் கால் படாதுன்னு சொல்லிட்டாராமே. பகுதி முடிஞ்சதும் மேல தனியா உட்கார்ந்து திரையில பார்ப்பாரு. அதோட சரி.”

*

பெரியவரின் அறை அலுவலகக் கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. முற்றத்துப் பக்கம் இருந்த சன்னலை ஒரு பெரிய இரும்பு அலமாரி முழுவதுமாக அடைத்திருந்தது. வேண்டுமென்றே நகர்த்தி வைத்தது என்பது தரையில் இருந்த கீறல்களிலிருந்து தெரிந்தது. மறுபக்கச் சன்னல் வழியாகச் சாலையின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குச் சாய்வு இருந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, அவர்கள் உட்கார்ந்த பிறகே தானும் உட்கார்ந்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கதவுக்குப் பின்னால் கோட்டு மாட்டியில் ஒரு நீளமான கறுப்பு மழைக்கோட்டு தொங்கியது. மேல் கொக்கியில் கறுப்புத் தொப்பி. பட்டாசு அதையே பார்த்தாள். எத்தனை சாமர்த்தியமான இடத்தில் தேட வேண்டியிருக்குமோ என்று படியேறும்போது அவள் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“ஒளிச்சு வைக்கலையா?” என்று கேட்டேவிட்டாள்.

“என் உடுப்பை நான் ஏன் ஒளிக்கணும்?” என்றார் பெரியவர். பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. கண்கள் மட்டும் ஒருமுறை மூடித் திறந்தன.

“மகனோட கோட்டு என்ன நிறம்னு உங்களுக்குத் தெரியுமாய்யா?” என்று கேட்டார் நிதானம்.

“கறுப்பு.”

“மயில்நீலம். முகமூடி கிளிப்பச்சை. தளத்துக்குள்ள ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது. இந்த வளாகத்துல அதைத் தெரியாத ஒரே ஆள் நீங்கதான்.”

 சாலையில் ஒரு லாரி போனது. மேசைக் கண்ணாடி நடுங்கி அடங்கியது.

“கீழே நான் நடந்து போனா மொத்த முற்றமும் எழுந்து நிக்கும்,” என்றார் பெரியவர். “ஒரு கதை எழுதுறவன் அறை வாசல்ல நான் போய் நிக்கிறதை நாலு பேர் பார்க்கணுமா? மகனோட உடுப்பில போனா யாரும் கேட்க மாட்டாங்கன்னு நினைச்சேன். முந்தாநாள் ராத்திரி வீட்டுல மகன் வச்சிருந்த கடைசிப் பகுதியைப் படிச்சுட்டேன். முடிவை மாத்துன்னு கேட்கத்தான் போனேன். மிரட்டப் போகல. கேட்கத்தான்.”

“சித்தப்பா வெளிநாட்டுல சாகல,” என்றாள் பட்டாசு. அவள் குரலில் விளையாட்டு இல்லை.

“ஜெயில்ல செத்தான். என் கிடங்கு எரிஞ்சப்போ உள்ள ரெண்டு பேர் செத்துப் போயிட்டாங்க. வெளிக்கதவைப் பூட்டினது நான். பூட்டினதா ஒத்துக்கிட்டவன் அவன். குடும்பத் தலைவன் தலை குனியக் கூடாதுன்னு.” அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “அந்தக் கதாசிரியன் இதையெல்லாம் என் தம்பி வாயால கேட்டிருக்கான். நான் முகமூடியைக் கழட்டினதும் சிரிச்சான். கையைப் பிடிச்சு, ‘வாங்க, பெத்த பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லுங்க’ன்னு படிக்கு இழுத்தான். உதறினேன்.”

“உதறினீங்களா, தள்ளினீங்களா?” என்றார் நிதானம்.

பெரியவர் தன் வலது கையைப் பார்த்தார், பிறகு அதை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். 

“நீங்க செஞ்சதுக்கு மகன் கம்பி எண்ணப் போறார்யா.”

“அவனை விட்டுடுவாங்க. அவன்தான் எதுவும் செய்யலையே. நல்ல வக்கீலா ஏற்பாடு பண்ணியிருக்கேன்.”

கதவு தடாலென்று திறந்தது. இயக்குநர் நின்றார். புடவைத் தலைப்பு தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

“அப்பா! இன்ஸ்பெக்டர் வந்துட்டார். கதாசிரியர் போயிட்டாராம், ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் சொன்னாங்க. அதைக் கேட்டதும் தம்பி...” அவருக்கு மூச்சு இரைத்தது. “நான்தான் தள்ளினேன்னு சொல்லிட்டான்ப்பா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான்!”

நிதானம் கண்ணை மூடிக்கொண்டார்.

“சின்னவருக்கு முதல்லேயே தெரிஞ்சிருக்கு,” என்றாள் பட்டாசு. “நேத்து மத்தியானம் தளத்து வாசல்ல இருந்து பார்த்திருக்கணும். தன்னை மாதிரியே ஒரு ஆள் கறுப்புக் கோட்டுல போறதை. யாருன்னு கண்டுபிடிக்க அவருக்குத் துப்பறியத் தேவையில்ல.”

இயக்குநர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டு மாட்டியைப் பார்த்தார். கறுப்பைப் பார்த்தார்.  அப்பாவைப் பார்த்துக்கொண்டே இரண்டு அடி பின்வாங்கினார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு அடி பெரியவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

*

லிஃப்ட்டை அவர் கூப்பிடவில்லை. மாடிப்படி வழியாகவே இறங்கினார். நிதானம் மழைக்கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். பட்டாசு கடைசியாக வந்தாள். 

முற்றத்தில் வேலையாட்கள் கும்பலாக நின்றார்கள். நடுவில் சின்னவர், அதே மயில்நீலக் கோட்டோடு. கிளிப்பச்சை முகமூடி கழுத்தில் இறங்கிக் கிடந்தது. மணிக்கட்டில் விலங்கு. ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது.

பெரியவர் நடந்து வருவதைக் கண்டதும் கூட்டம் பிளந்து வழிவிட்டது. காவலாளி கையை உயர்த்தினான், பாதியில் நிறுத்தினான். அவன் கண்கள் பெரியவரையும் சின்னவரையும் மாறி மாறிப் பார்த்தன. 

“அப்பா,” என்றார் சின்னவர். குரல் தாழ்ந்திருந்தது, கெஞ்சல் இல்லை. “இங்க ஒண்ணும் இல்லப்பா. நீங்க உள்ள போங்க.”

பெரியவர் அப்படியே நின்றார்.  எங்கோ வெகு தூரத்தில் இருக்கும் ஒருவனைப் பார்ப்பது போல மகனைப் பார்த்தார்.

“வண்டியில ஏறுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். சின்னவர் படியில் கால் வைத்தார்.

“இன்ஸ்பெக்டர்.” பெரியவரின் குரல் முற்றத்தின் கடைசிச் சுவர் வரை போனது. “என் தம்பியையும் இப்படி ஒரு ஜீப்புல ஏத்தினாங்க. அவனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான். ‘அண்ணே, நீங்க உள்ள போங்க’ன்னு.”

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

“அன்னைக்கு நான் உள்ள போயிட்டேன்.”

அவர் மகனைத் தோளைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு ஜீப்பின் கம்பியைப் பிடித்து, யார் கையும் தன் மேல் படாமல், தானே ஏறி உட்கார்ந்தார்.